ராமேசுவரம் பாதைச் சத்திரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து ராமேசுவரம் போகிறவர்கள், சத்திரம் என்று முடியும் ஊர்ப் பெயர்களையும் கவனிப்பாரற்ற பழைய கட்டடங்களையும் வழியில் பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். தஞ்சை மராட்டியர் காலச் சத்திரங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன். தேவைப்பட்ட இடங்களில் அதற்கு முந்தைய காலத்துக்கும் போயிருக்கிறேன்.

சத்திரம் என்றால் கல்யாண மண்டபம்தானே?

இன்றைக்கு அப்படித்தான் ஆகிவிட்டது. மொய், பந்தி, நாதஸ்வரம் என்றுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. ஆனால் சத்திரம் கட்டப்பட்டது வழிப்போக்கருக்காக. நடந்து வருகிறவர் இரவு தங்க ஓர் இடம், குளிக்க ஒரு குளமோ கிணறோ, ஒரு வேளைச் சோறு. பல சத்திரங்களில் மூன்று நாள் வரை தங்கலாம் என்பது வழக்கம். காசு வாங்குவதில்லை.

சாவடி இதைவிட எளிமையானது. கூரையும் திண்ணையும் இருக்கும், சோறு கிடையாது. தண்ணீர்ப்பந்தல் கோடைக்கு மட்டும். மடத்தில் துறவிகளுக்கு முதலிடம். சோறு, தங்குமிடம், மருந்து எல்லாம் ஒரே இடத்தில் எல்லா நாளும் கிடைத்தது என்றால் அது பெரிய சத்திரம். அப்படிப்பட்டவை இந்தப் பாதையில் வரிசையாக இருந்தன.

ஏன் இந்தப் பாதையில் மட்டும் இத்தனை?

காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போய்வருவது நாடு முழுக்க இருந்த யாத்திரை. வடக்கேயிருந்து மாதக்கணக்கில் நடந்து வருகிற பைராகிகளும் (ஊர் ஊராகப் போகும் வடநாட்டுத் துறவிகள்) குடும்பங்களும் தஞ்சைச் சீமையைக் கடந்துதான் சேதுவுக்குப் போனார்கள். மராட்டிய அரசர்களுக்கு இவர்கள் அந்நியர்கள் இல்லை. தங்கள் மொழியும் வழிபாடும் கொண்டவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய இருந்தார்கள். தெற்கே ராமநாதபுரம் எல்லைக்குள் போய்விட்டால் அங்கே ஆண்ட சேதுபதிகளின் பொறுப்பு. சேதுவுக்குக் காவலர் என்பதே அவர்களுடைய பட்டம். யாத்திரிகர்களுக்குச் சத்திரம் வைப்பது அவர்களுக்குக் கடமையாகவே இருந்தது.

எந்தெந்த ஊர்கள்?

தஞ்சாவூரிலிருந்து கிளம்பினால் முதலில் ஒரத்தநாடு. முத்தாம்பாள் சத்திரம் இங்கேதான். அப்புறம் பட்டுக்கோட்டையைத் தாண்டிக் கடலோரம் இறங்கினால் ராஜாமடம், அங்கே மோகனாம்பாள் சத்திரம். அடுத்து சேதுபாவாசத்திரம். கரையோடு போனால் மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம், மீமிசலில் ராஜகுமாராம்பாள் சத்திரம். அங்கிருந்து தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், மண்டபம். பிறகு படகில் பாம்பன். இந்தக் கோட்டில் இல்லாவிட்டாலும் நீடாமங்கலம் யமுனாம்பாள் சத்திரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரதாபசிங் மன்னர் காலத்தது. அந்த ஊருக்கே யமுனாம்பாள்புரம் என்றொரு பெயர் இருந்தது.

தஞ்சாவூருக்கும் ஒரத்தநாட்டுக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும். மூட்டையோடும் குழந்தைகளோடும் நடப்பவருக்கு அது சரியாக ஒரு நாள் வழி. விடியற்காலையில் கிளம்பி உச்சி வெயிலுக்கு மரத்தடியில் ஒதுங்கினால், விளக்கேற்றும் நேரத்துக்குச் சத்திரத்தில் இருக்கலாம்.

எல்லாம் ஏன் பெண்கள் பெயரில் இருக்கின்றன?

மராட்டிய அரச குடும்பத்தில் சத்திரங்கள் ராணிகளின் பெயரோடும் பொறுப்போடும் பிணைந்திருந்தன. அரண்மனைப் பெண்கள் தங்கள் பெயரை ஊரில் நிறுத்த வேண்டுமென்றால் கோயில் திருப்பணிக்கு அடுத்த வழி இதுதான்.

இவர்களில் முத்தாம்பாளின் கதை தனி. அவர் பட்டத்து ராணி இல்லை. இரண்டாம் சரபோஜி மன்னரின் அன்புக்குரியவர். இறக்கும் தறுவாயில் தன் பெயரால் ஒரு சத்திரம் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதாகவும், சரபோஜி அதை நிறைவேற்றி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் கட்டியதாகவும் வரலாறு. ஊரும் முத்தாம்பாள்புரம் ஆயிற்று. அவர் நினைவுக்குக் கல்லறையோ மாளிகையோ எழுப்பவில்லை. வருகிறவன் எவனாக இருந்தாலும் சோறு போடுகிற இடத்தை எழுப்பியிருக்கிறார்கள். இந்தப் பாதையின் வரலாற்றில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமான விஷயம் இது.

உள்ளே என்னதான் கிடைத்தது? வெறும் சோறுதானா?

இதற்கு நமக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 1801-இல் சரபோஜி, தஞ்சாவூரில் இருந்த ஆங்கிலேய ரெசிடெண்ட், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதி, பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் அன்றாடம் என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொன்றாக அதில் சொல்கிறார்.

பிராமணர் முதல் பறையர் வரை எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு உண்டு. ஜோகி, ஜங்கமர், பைராகி என்று எந்த வகை யாத்திரிகர் வந்தாலும் உண்டு. சமைத்ததைச் சாப்பிட விரும்பாதவர்களுக்கு அரிசி, மிளகு, உப்பு எல்லாம் அளந்து கொடுத்துவிடுவார்கள். இப்படி நாள் முழுக்கப் படியளந்த பிறகு, நள்ளிரவில் ஒரு மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று கூவி அழைப்பார்கள்.

அந்த மணியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வழி தப்பியவர், காலில் முள் தைத்துப் பின்தங்கியவர், இருட்டியபின் ஊர் எல்லைக்கு வந்தவர் ஆகியோருக்காக அடித்த மணி அது. கேட்டால் தரலாம் என்று காத்திருக்கவில்லை, அவர்களே கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

நோயாளியாக வந்தவருக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் குணமாகும்வரை கொடுத்தார்கள். வீக்கம், பாம்புக்கடி, பூச்சிக்கடி எல்லாம் பார்க்கத் தெரிந்த வைத்தியர்கள் சத்திரத்திலேயே இருந்தார்கள். கைக்குழந்தைக்குப் பால். கர்ப்பிணிகளைப் பரிவோடு பார்த்துக்கொண்டார்கள். சத்திரத்திலேயே பிரசவமானால் செலவு, மருந்து எல்லாம் சத்திரத்துடையது. தாய் மூன்று மாதம் அங்கேயே இருக்கலாம். வழியில் இறந்துபோனவருக்கு அவரவர் முறைப்படி ஈமக்கிரியை செய்தார்கள்.

அப்புறம் அனாதைக் குழந்தைகள். பெற்றோர் யாத்திரையில் இறந்துபோய்ச் சத்திரத்தில் தனியாக நிற்கும் பிள்ளையை அங்கிருக்கும் ஆசிரியர் பொறுப்பில் விடுவார்கள். நாளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, துணிமணி, விருப்பமான துறையில் படிப்பு. நாலு நாளைக்கு ஒருமுறை தலைக்கு எண்ணெய். ஓர் அரசர் வெள்ளைக்கார அதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் அனாதைப் பிள்ளையின் எண்ணெய்க் குளியலுக்கும் ஒரு வரி இருக்கிறது!

நம் மரபு அடுக்கும் முப்பத்திரண்டு அறங்களின் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓதுவார்க்கு உணவு, மகப்பெறுவித்தல், மகப்பால் வார்த்தல், மகவு வளர்த்தல், நோய்க்கு மருந்து, தலைக்கு எண்ணெய், அறவைப் பிணஞ்சுடல் என்று வரும். கடிதத்தில் சொல்லியிருப்பவை ஏறக்குறைய அதே பட்டியல். மக்கள் வாயளவில் மனப்பாடமாகச் சொல்லிவந்த அறங்கள் இங்கே அன்றாடச் செலவுக் கணக்காக நடந்திருக்கின்றன.

ராஜாவே தன் தர்மத்தைப் பற்றி எழுதியதை அப்படியே நம்பலாமா?

நியாயமான கேள்வி. கடிதத்தின் பின்னணியைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். 1799 ஒப்பந்தத்தில் தஞ்சை நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போய்விட்டது. சரபோஜியிடம் மிஞ்சியது கோட்டையும் ஓய்வூதியமும்தான். சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற கவலையில்தான் அவர் எழுதுகிறார். ஆகவே நல்லதைத் தூக்கிச் சொல்லியிருப்பார். எல்லாச் சத்திரத்திலும் எல்லா நாளும் இவ்வளவும் நடந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஆனாலும் ரெசிடெண்ட் அதே ஊரில் இருப்பவர். ஆள் அனுப்பினால் மறுநாளே தெரிந்துவிடும் விஷயத்தில் முழுப் பொய் எழுத முடியாது. பிரசவத்துக்கு மூன்று மாதம், எண்ணெய்க்கு நாலு நாள் என்கிற மாதிரி விவரங்கள் நடைமுறையில் இருப்பதைப் பார்த்து எழுதுகிறவரிடமிருந்துதான் வரும். என் கணிப்பில் இந்தக் கடிதம் நம்பத் தகுந்தது.

எல்லாச் சாதிக்கும் சோறு என்றால், சாதி பார்க்கவில்லையா?

பார்த்தார்கள். சோறு எல்லோருக்கும் உண்டு, பந்தி ஒன்றல்ல. சமைத்தது வேண்டாம் என்பவருக்கு அரிசி கொடுக்கும் ஏற்பாடே யார் கையால் சமைத்தது என்ற கேள்வியிலிருந்து வந்ததுதான். வேதம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் அவர்களிடம் படிப்பவர்களுக்கும் செய்த செலவு ஒரு தரப்புக்கே போனது. இதை மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை.

தனியார் வைத்த பல சத்திரங்களில் நிலைமை இதைவிட மோசம். வணிகர் பணத்தில் கட்டிய சத்திரத்தில் பிராமணருக்கு மட்டும் சாப்பாடு என்ற விதி இருந்தது உண்டு. இளம் வயதில் காசிக்குப் போன பெரியார் இப்படி ஒரு சத்திர வாசலில் திருப்பி அனுப்பப்பட்டதும், அது அவர் வாழ்க்கையில் ஏற்படுத்திய விளைவும் தமிழ்நாடு அறிந்ததுதான். ரயில் வந்த பிறகு இதே பாகுபாடு ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைக்கு இடம் மாறியது. பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம் என்ற பலகைகள் தென்னிந்திய ரயில் நிலையங்களில் 1941 வரை இருந்தன. போராடித்தான் எடுக்க வைத்தார்கள்.

செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

நிலத்திலிருந்து. இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை, ஆனால் முக்கியமானது இதுதான்.

சத்திரம் கட்டுவது ஒருநாள் செலவு. தினமும் அடுப்பெரிவது என்றென்றைக்குமான செலவு. அரசனின் கஜானாவை நம்பினால், அரசன் மாறும்போது அடுப்பு அணைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சத்திரத்துக்கும் கிராமங்களின் வருவாயை எழுதிவைத்தார்கள். காவிரிப் பாசன நஞ்சை நிலம், இரண்டு போகம் விளையும் பூமி. நெல் நேராகச் சத்திரக் களஞ்சியத்துக்கு வரும். விளைச்சலைக் கவனிக்கவும் கணக்கு எழுதவும் சமையல்கட்டைப் பார்க்கவும் ஆட்கள் இருந்தார்கள். மேலே பொறுப்பேற்க அரண்மனையில் ஒரு ராணி இருந்தார்.

நிலம், கணக்கு, பொறுப்பான ஆள். இவற்றில் ஒன்று போனாலும் மற்றவை ஓடாது. இடிந்து கிடக்கும் சத்திரங்களைப் பார்த்துக் கட்டடம் கவனிப்பில்லாமல் வீணாகிவிட்டதே என்று வருந்துகிறோம். உண்மையில் கட்டடம் கடைசியாகத்தான் விழுந்தது.

ராணி மங்கம்மாள் சத்திரமும் இதில் சேருமா?

அது மதுரை நாயக்கர் காலம், நூறு ஆண்டு முந்தையது. பேரனுக்காக 1689 முதல் 1706 வரை ஆட்சியை நடத்தியவர் மங்கம்மாள். தெற்கே கன்னியாகுமரி வரை சாலை போட்டது, இருபுறமும் மரம் வைத்தது, சத்திரம் கட்டியது எல்லாம் அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படும். மங்கம்மாள் சாலை என்ற பெயர் தென் மாவட்டங்களில் இன்னும் வழக்கில் இருக்கிறது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரம் ரயிலைவிட மூத்தது. நிலையம்தான் அதன் எதிரே வந்தது.

அதற்கும் முன்னால் வழிப்போக்கர்கள் என்ன செய்தார்கள்?

கோயில் மண்டபம், ஊர் அம்பலம், வீட்டுத் திண்ணை. வணிகர்கள் கூட்டமாகப் போனார்கள். அவர்கள் தங்கிச் சரக்கு இறக்கும் இடத்துக்குத் தாவளம் என்று பெயர்.

தருமபுரிப் பகுதியில் கிடைத்த ஒரு மைல்கல் இதைக் கண் முன்னே நிறுத்துகிறது. அதியமான் பெருவழியில், நாவற்தாவளத்துக்கு இன்னும் 29 காதம் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எழுத்துக்குக் கீழே இரண்டு பெரிய குழிகள், ஒன்பது சிறிய குழிகள். பெரிய குழி பத்து, சிறியது ஒன்று. படிக்கத் தெரியாத வண்டிக்காரனும், இருட்டில் வருகிறவனும் விரலால் தடவி எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளலாம். இந்தக் காலத்தில் நெடுஞ்சாலைப் பலகை வைக்கிறவர்கள் பார்க்க வேண்டிய கல்.

சாலையோரம் மூன்று கல் நட்டிருக்கிறதே, அது என்ன?

சுமைதாங்கி. இரண்டு கல் நிமிர்ந்து நிற்கும், மேலே ஒரு கல் படுத்திருக்கும்.

தலையில் நெல் மூட்டையோடு தனியாக நடப்பவருக்கு இரண்டு கஷ்டம். இறக்கி வைக்க ஒரு கை வேண்டும். திரும்பத் தூக்கிவிட இன்னொரு கை வேண்டும். ஆள் இல்லாத சாலையில் அதற்காகவே மைல்கணக்கில் இறக்காமல் நடப்பார்கள். சுமைதாங்கியின் மேல்கல் சராசரி ஆளின் தலைமட்டத்தை ஒட்டி இருக்கும். கல்லோரம் நின்று தலையைக் கொஞ்சம் சாய்த்தால் மூட்டை நழுவிக் கல்மேல் உட்கார்ந்துகொள்ளும். கிளம்பும்போது முழங்காலை மடக்கித் தலையைச் சும்மாட்டோடு மூட்டைக்கு அடியில் கொடுத்து நிமிர்ந்தால் போதும். யாரையும் கூப்பிட வேண்டாம்.

கர்ப்பமாக இருக்கும்போதோ பிரசவத்திலோ இறந்த பெண்ணின் நினைவாக இதை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு அவள் போய்விட்டாள், வழியில் போகிறவன் சுமையையாவது இறக்கி வைக்கட்டும் என்பதுதான் நினைப்பு. பல கற்களில் இறந்தவர் பெயரும் நட்டவர் பெயரும் வெட்டியிருக்கும். ராணிகளுக்குச் சத்திரம் நின்றது என்றால், ஊர்ப் பெண்களுக்கு நின்றது இதுதான். பக்கத்திலேயே மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சு கல்லும், குடிக்கத் தொட்டியும் இருந்தால் அந்த ஊர்க்காரர்கள் கால்நடையையும் வழிப்போக்கராகக் கணக்கில் எடுத்தவர்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

இவ்வளவு நன்றாக நடந்தவை எப்படி நின்றுபோயின?

முதல் அடி நிர்வாகத்தில் விழுந்தது. 1855-இல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். தஞ்சை அரசு முடிந்தது. சத்திரங்கள் அரசாங்க நிர்வாகத்துக்குள் போயின. ராணியிடம் பதில் சொல்ல வேண்டியிருந்த இடம் கோப்பில் ஒரு தலைப்பாயிற்று.

இரண்டாவது அடி ரயில். 1861-இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது, அடுத்த ஆண்டு திருச்சி வரை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் ராமேசுவரத் தீவுக்கே ரயில் போய்விட்டது. கடலோரப் பாதையில் நடக்க ஆள் இல்லை. வழிப்போக்கர் இல்லாத சத்திரத்தில் யாருக்காக உலை வைப்பது?

ஆனால் நிலம் இருந்தது, வருமானம் வந்தது. அதை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஒரத்தநாடு, ராஜாமடம் சத்திரங்கள் ஏழை மாணவர்களின் விடுதிகளாயின. அந்தச் சோற்றைச் சாப்பிட்டு மேலே வந்தவர்கள் இந்தப் பக்கத்தில் பல பேர். அனாதைப் பிள்ளைக்கு மூன்று வேளை என்ற பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சியாகவே நான் இதைப் பார்க்கிறேன். சத்திர நிர்வாகம் தஞ்சாவூரில் வருவாய்த் துறையின் ஒரு பிரிவாக அப்புறமும் தொடர்ந்தது.

சென்னையில் சத்திரங்கள் இருந்தனவா?

இருந்தன. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம், வெளியூரிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்காக வைத்தது. வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் தொடக்கமும் ஒரு சத்திரம்தான். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று பழைய சென்னைவாசிகள் சொல்வது அதனால்தான். பெங்களூர் நெடுஞ்சாலையில் வரும் சுங்குவார்சத்திரமும் பாலுசெட்டிசத்திரமும் வழிநடைச் சத்திரங்களின் பெயரை இன்னும் தாங்கி நிற்கும் ஊர்கள்.

இன்றைய ஹைவே மோட்டல்களோடு இவற்றை ஒப்பிடுவது சரியா?

காசு வாங்குவதைக் குறை சொல்ல மாட்டேன். ஓட்டல் நடத்துகிறவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் இரவுப் பேருந்து நிற்கும் பல இடங்களைப் பாருங்கள். பயணிக்கு வேறு வழியில்லை என்பதுதான் அங்கே வியாபாரத்துக்கு முதலீடு. பேருந்து எங்கே நிற்கிறதோ அங்கேதான் சாப்பிட வேண்டும்; விலை அவர்கள் சொல்வதுதான். பின்பக்கம் இருக்கும் கழிப்பறைக்குப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு துணையோடு போக வேண்டியிருக்கிறது. கைக்குழந்தைக்காரி பால் காய்ச்சச் சூடான தண்ணீர் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

பெரிய நெடுஞ்சாலைகளில் 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஓர் இடத்தில் வசதி மையங்கள் அமைப்பது மத்திய அரசின் திட்டம். நல்ல திட்டம். அவற்றில் சுத்தமான கழிப்பறை, குடிநீர், பாலூட்டும் அறை, முதலுதவி, லாரி ஓட்டுநர் படுத்துத் தூங்க இடம் ஆகியவை இலவசமாக இருக்க வேண்டும், அவற்றுக்கு ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும் என்பது என் விருப்பம். ராத்திரி பகல் ஓட்டும் லாரிக்காரர்தான் இன்றைய பைராகி.

போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

ஒரத்தநாட்டில் தொடங்குங்கள். முகப்பின் அடித்தளத்தை நின்று பாருங்கள்: யானையும் குதிரையும் தேரை இழுத்துப் போவது போலக் கட்டடத்தையே அமைத்திருப்பார்கள். பல பகுதிகள் பழுதடைந்தவை, ஆகவே உள்ளே போகும் முன் பொறுப்பில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுவரில் சாயாதீர்கள்.

ராஜாமடம் தாண்டிச் சேதுபாவாசத்திரம் போகும் வழியில் மனோராவையும் பார்த்துவிடலாம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகச் சரபோஜி கடலோரத்தில் கட்டிய கோபுரம் அது. வழியில் சுமைதாங்கி கண்ணில் பட்டால் வண்டியை ஓரம் கட்டி இறங்கி, மேல்கல்லில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்போ பெயின்டோ அடித்து எழுத்தை மூடியிருந்தால் சுரண்ட வேண்டாம்; படம் எடுத்து, இடத்தையும் குறித்து மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்புங்கள். சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடமென்றால் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.